ஒரு முழக் கயிறும் ஊழிக் கூட்டமும்

என் மடியில் ஒரு முழ நீளமுள்ள கயிற்றுத் துண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனை கத்தியால் நறுக்கப்பட்டது. மறு முனையில் பித்தளை வளையம் ஒன்று பின்னிக் கோக்கப்பட்டிருக்கிறது. வளையத்துக்குச் சற்று மேலே நான்கு இழைகள் சாய்வாக அறுபட்டிருக்கின்றன. அவை கத்தி பட்டு அறுந்தவை அல்ல. ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் அறுபட்டிருப்பதைக் கண்டால், வரிசை ஒழுங்கில்லாத பற்கள் பட்ட இடம் அது என்பதைக் கடலை அறிந்தவர் எவரும் சொல்லிவிடுவர். வளையம் கறுத்துப் பச்சை பூத்திருக்கிறது. என் வீட்டில் அதைத் தேய்த்து விளக்க எவருக்கும் அனுமதி கிடையாது.

எதிரே மேசையின்மேல் செல்பேசி இருக்கிறது. காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு அது ஒருமுறை ஒலித்து அடங்கியது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் என் மகள் கடலுக்குப் புறப்படுகிறாள் என்பது அதன் பொருள். சுற்றுலாப் பயணிகளை நீருக்கடியில் அழைத்துச் சென்று காட்டுவது அவளுடைய தொழில். பன்னிரண்டு மணிக்குள் படகு கரை திரும்பும். அப்போது இன்னொரு முறை ஒலித்து அடங்க வேண்டும். இந்த இரண்டு மிஸ்டு கால்களே எங்களுக்குள் உள்ள உடன்படிக்கை. அவள் இதற்கு எளிதில் இணங்கவில்லை. இவ்விரண்டு ஒலிகளுக்கும் நடுவே போர்ட் பிளேரின் ஷாதிபூரில் உள்ள இந்த வீட்டில் எந்த வேலையும் எனக்கு ஓடுவதில்லை. கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இன்று அந்த நேரத்தை வீணாக்காமல், இக்கயிறு என்னிடம் வந்து சேர்ந்த விதத்தை எழுதிவைக்கலாம் எனத் தொடங்கினேன்.

என் அக்காளின் கணவரை நான் அத்தான் என்றே அழைத்து வந்தேன். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். அவர் ராமநாதபுரம் கடற்கரையில் சங்கு குளித்தவர். துறைமுக வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவர், கப்பல் அணையும் ஜெட்டிகளின் தூண்களை நீருக்கடியில் பழுது பார்ப்பதற்காக அவரை இத்தீவுகளுக்கு அழைத்து வந்தார். வந்தவர் இரண்டு வாரங்கள் வேலையில் இறங்கவே இல்லை. கயிறு பிடிக்க ஆறு பேரை முன்னால் நிறுத்தினார்களாம். அவர்களில் ஒருவரையும் அவர் ஏற்கவில்லை. எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது: மனைவியையும் மைத்துனனையும் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பவும், மைத்துனன் வந்து சேரும்வரை தண்ணீரில் இறங்குவதாக இல்லை.

எங்கள் கரையில் அது வழிவழியாக வந்த முறை. குளிப்பவனுடைய இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் கையில் இருக்க வேண்டும். காரணம் கேட்டால் அத்தான் சிரித்துக்கொண்டே சொல்வார்: “கூடப்பிறந்தவன் பிடிச்சான்னு வையி, கைய விட்டா நம்ம பங்கும் அவனுக்கு. மச்சினன் கைய விட்டா அவன் அக்கா தாலில்ல அறுந்து போகும். விடுவானா?”

நான் அப்போது அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயது ஆள். கடலைக் கரையில் நின்று பார்த்திருந்தேனேயன்றி முழங்காலுக்கு மேல் இறங்கியவன் அல்லன். அக்காளுடன் கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து வேறொரு கப்பலில் கார் நிக்கோபார் போய்ச் சேர்ந்தேன். ஜெட்டியில் வைத்தே வேலை மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தைர்னா ஆத்தா ஹை?” என்று கேட்டார்.

நீந்தத் தெரியுமா என்று கேட்கிறார் என்பதை அத்தான் சொல்லி அறிந்து, தெரியாது எனத் தலையசைத்தேன். சுற்றி நின்றவர்கள் உரக்கச் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

“நீந்தத் தெரிஞ்சவன் எதுக்கு சாப் கயிறு பிடிக்கணும்? அவன் பாட்டுக்குத் தண்ணிக்குள்ள குதிச்சிருவான். இவனுக்குக் கயித்த விட்டா வேற வழி தெரியாது. இவன்தான் சரி.”

இவ்வாறு என் தகுதியின்மையே எனக்குத் தகுதியாயிற்று.

வேலை நடைபெறும் விதத்தைச் சுருங்கச் சொல்கிறேன். தூணுக்கருகே படகை நிறுத்துவோம். படகில் ஒரு டீசல் கம்ப்ரஸர். அதை ஓட்டியவர் ராஞ்சியிலிருந்து வந்து தீவில் தங்கிவிட்ட ஒரு பெரியவர். ரப்பர்க் குழாய் வழியாகக் காற்று கீழே போகும். அதை வாயில் கவ்விக்கொண்டு அத்தான் ஆறு பாக ஆழத்தில், அதாவது முப்பத்தாறு அடியில் நின்று, சிமெண்டு பெயர்ந்த தூண்களைச் சுற்றி இரும்புப் பட்டிகளை முடுக்குவார். குழாயோடு சேர்ந்து இடுப்புக் கயிறும் இறங்கும். இரண்டு துண்டுகளைப் பித்தளை வளையத்தால் இணைத்த கயிறு அது. வளையம் அவர் தலைக்கு மேலே இரண்டு கை உயரத்தில் நிற்கும். ஒருமுறை இழுத்தால் நலம். இருமுறை இழுத்தால் கயிற்றை இன்னும் தளர்த்தி விடு. மும்முறை இழுத்தால் தூக்கு. எங்களுக்குள் இருந்த மொழி இவ்வளவுதான். தூக்கும்போதும் அவசரம் ஆகாது. ஆழத்தில் குழாய்க் காற்றைச் சுவாசித்தவன் மெதுவாகவே ஏற வேண்டும். வேகமாக இழுத்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து காதையோ நெஞ்சையோ கிழித்துவிடும். இதை அத்தான் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்.

ராஞ்சிக்காரப் பெரியவர் என்னைச் “சாலா” என்றே கூப்பிடுவார். இந்தியில் அது வசவுச் சொல். நான் முகம் சுளித்தபோது அவர் கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டே, “பீவி கா பாயி சாலாதானே? கலத் க்யா போலா?” என்றார். மனைவியின் தம்பியை அப்படித்தானே அழைக்க வேண்டும், நான் சொன்னதில் என்ன பிழை என்கிறார். அந்த மனிதர் நல்லவர். நாள்தோறும் தம் சுக்காப் புகையிலையில் ஒரு துண்டை எனக்கு வைத்திருப்பார். ஆனால் நான் கயிற்றை விட்டுவிட்டு அதை வாங்கியதில்லை.

அந்தத் தூண்களைச் சுற்றி ஊழி மீன்கள் இருந்தன. இன்று பயணிகள் பாரகுடா என்று வாய்நிறையச் சொல்லும் மீனை எங்கள் கரையில் ஊழி என்போம். ஒரு பாகத்துக்குச் சற்றே குறைந்த நீளம். ஈட்டியைப் போன்ற உடல். விலாவில் கரிய பட்டைகள். கீழ்த்தாடை மேல்தாடையைக் கடந்து முன்னே நிற்கும். வாயைச் சிறிதே திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். சபையில் ஏதோ சொல்ல வாயெடுத்துப் பின் வேண்டாமென விடுகின்றவரைப் போல. காலை வெயில் ஏறும்போது அக்கடல் எவ்வளவு தெளிவு என்றால், மூன்று பாக ஆழத்தில் தூணில் ஒட்டிய சிப்பிகளை எண்ணலாம். அத்தானின் முதுகும் அசையும் தோளும் மங்கலாகத் தெரியும். பிறகு கூட்டம் வரும். நூறா, இருநூறா என்று சொல்ல இயலாது. கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல் தூணை ஒரே திசையில் மெல்லச் சுற்றத் தொடங்கும். வெள்ளிச் சுவர் ஒன்று எழும்பியது போல் ஆகும். அத்தான் அதன் உள்ளே மறைந்துவிடுவார். அதன்பின் அவர் இருப்பதற்கு எனக்குக் கிடைக்கும் சான்று நீர்க்குமிழிகள் மட்டுமே. அவையும் வெள்ளி நிறம். வெள்ளியில் வெள்ளியைப் பிரித்தறிந்து எண்ணுவது என் கண்களுக்கு வாய்த்த வேலை.

ஒருமுறை சிறுமீன் கூட்டமொன்று வழி தவறி ஜெட்டிக்கடியில் புகுந்தது. கண்ணிமைக்கும் நேரம் அந்தச் சுவர் உடைந்தது. அம்புகள் போல் நாலாபுறமும் பாய்ந்தன. மறுகணம் சுவர் மீண்டும் எழுந்து அமைதியாகச் சுற்றத் தொடங்கியது. நீரில் செதில்கள் மட்டும் அபிரகம் போல மின்னி மின்னி இறங்கின.

அத்தானுக்கு அவற்றிடம் அச்சம் இல்லை, ஒழுக்கம் இருந்தது. “நம்ம மேல அதுக்கு என்ன மாப்பிள பகை? மினுக்குன்னு தெரிஞ்சா மீன்னு நெனச்சுக் கடிக்கும். மினுங்காம இருந்துக்கிட்டா நம்மளும் ஒரு தூணுதான்” என்பார். இறங்குமுன் வெள்ளி அரைஞாணைக் கழற்றி அக்காளிடம் கொடுத்துவிடுவார். கத்தியின் பிடியில் கந்தல் சுற்றியிருக்கும். வளையத்தின்மேல் காலைதோறும் கறுப்புக் கிரீஸ் பூசுவது என் பொறுப்பு. அதற்கென ஒரு டப்பா படகின் மூலையில் இருந்தது.

ஆயுத பூசை வந்தது. தகரக் கூரை வேய்ந்த குடியிருப்பில் அக்காள் வாசலில் கோலமிட்டு, ஸ்பானர்கள், கத்தி, கயிறு, எல்லாவற்றையும் பலகையில் அடுக்கினாள். ஊர் வழக்கப்படி கருவிகளைத் துலக்கிப் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? கம்ப்ரஸருக்குச் செம்பருத்தி மாலை போட்டு, ராஞ்சிக்காரப் பெரியவரே தேங்காய் உடைத்தார். மறுநாள் விசயதசமி, வேலை தொடங்க உகந்த நாள் என்று அத்தான் காலையிலேயே புறப்பட்டார்.

படகில் கயிற்றை விரித்தபோது வளையத்தைக் கண்டேன். புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருந்தது. புதிய வளையல் போல் ஒளிர்ந்தது. அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். என் கை பழக்கத்தினால் கிரீஸ் டப்பாவுக்குப் போயிற்று, மூடியைத் திறந்தேன், திறந்த மூடியை மறுபடியும் மூடினேன். சாமிக்குப் படைத்த பொருளின்மேல் மறுநாளே கரியைப் பூச மனம் வரவில்லை. அக்காள் வைத்த குங்குமத்தை, அதுவும் கணவன் இடுப்புக் கயிற்றில் வைத்த குங்குமத்தை, நான் அழிப்பதா? சாயங்காலம் பூசிக்கொள்ளலாம் என எண்ணினேன். குங்குமம் தண்ணீரில் கரைந்துவிடும், பித்தளை கரையாது என்பது அந்த வேளையில் என் புத்தியில் படவில்லை. அத்தான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வளையத்தை ஒரு கணம் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.

சற்று நேரம் எல்லாம் முறையாக நடந்தது. ஒருமுறை இழுத்தார், நலம். நானும் ஒருமுறை இழுத்துப் பதில் சொன்னேன். பிறகு வழக்கத்துக்கு முன்னதாகவே கூட்டம் வந்தது. சுவர் எழுந்தது. ஆனால் அன்று அது தூணைச் சுற்றவில்லை. சற்று விலகி, நடுநீரில் எதையோ மையமாகக் கொண்டு சுற்றியது. குமிழிகளைத் தேடினேன். ஒன்று, இரண்டு, அதன்பின் வெறும் வெள்ளி.

கயிறு வெடுக்கென ஆடியது. ஒருமுறை. என் தோள் முன்னே போயிற்று. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. அதன்பின்னும் ஏதோ நடுங்குவது போல ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. அத்தானின் இழுப்பு நிதானமானது. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மூச்சு அளவு இடைவெளி இருக்கும். இது அப்படியில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் என் கை அறிந்ததை என் நெஞ்சு கேட்கவில்லை. இழுக்கத் தொடங்கிவிட்டேன்.

“தீரே! தீரே! அரே சாலா, மர் ஜாயேகா!” என்று ராஞ்சிக்காரப் பெரியவர் அலறினார். மெதுவாக, மெதுவாக, செத்துப் போவார் என்கிறார். கேட்டது, பொருளும் புரிந்தது, கைகள் நிற்கவில்லை. ஆறு பாகத்தையும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு வழுக்கியது. வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த என் அக்காளின் முகமே கண்ணில் நின்றது.

அத்தான் நீர்மட்டத்துக்கு வந்தபோது அவர் அணிந்திருந்த முக்குளிப்புக் கண்ணாடிக்குள் இரத்தம் இருந்தது. படகில் ஏற்றிக் கிடத்தினோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எந்த மீனும் அவரைத் தொட்டிருக்கவில்லை. இடது காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் வழிந்தது. கையில் ஸ்பானரை இன்னும் பிடித்திருந்தார். மேலே வர எண்ணிய மனிதன் ஸ்பானரை விட்டுவிட்டல்லவா கயிற்றை இழுப்பான்? இக்கேள்வி அப்போதே எனக்குள் எழுந்தது. பிறகு என்னை விட்டு அகலவில்லை.

மருத்துவமனையில் அக்காள் ஓடி வந்து நின்றபோது, அவள் எதுவும் கேட்பதற்கு முன் அவரே பேசினார்: “நாந்தான் மூணு இழுப்பு இழுத்தேன். மூச்சு முட்டுச்சு. மாப்பிள சரியாத் தூக்கிட்டான்.” அக்காள் என் இரு கைகளையும் எடுத்து, தோல் உரிந்த இடத்தில் தன் முந்தானையைச் சுற்றினாள். அன்று அவள் எனக்குச் சோறு போட்டு, நான் உண்டு முடிக்கும்வரை எதிரிலேயே அமர்ந்திருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு கடினமான சோற்றை நான் உண்டதில்லை.

மறுநாள் தனியே படகுக்குப் போய்க் கயிற்றைச் சுருட்டினேன். வளையத்துக்கு மேலே இழைகள் அறுபட்டிருந்தன. வளையத்தின்மேல் இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. ஆக, இழுத்தது அத்தான் அல்லர். நடுநீரில் மின்னிய பித்தளையை மீன் என்று எண்ணி ஊழி பற்றி இழுத்திருக்கிறது. வேலையில் கருத்தாக நின்ற மனிதரை நான் பிடுங்கி மேலே கொண்டுவந்து காதை உடைத்துவிட்டேன். அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அந்த முழக் கயிற்றை வளையத்தோடு நறுக்கி மடியில் செருகிக்கொண்டேன். வேறு வளையம் போட்டுக் கயிற்றை இணைத்தேன். எவரிடமும் சொல்லவில்லை.

இடது காது திரும்பவே இல்லை. சில மாதங்கள் கழித்து ஆழம் குறைந்த வேலைகளுக்கு மட்டும் அவர் மறுபடி இறங்கினார். கயிற்றை வேறு ஆளிடம் கொடுக்கும்படி மேற்பார்வையாளர் சொன்னார், நானும் கெஞ்சினேன். “என் மச்சினன் இருக்கப்ப ஊரான் எதுக்கு?” என்று சொல்லி முடித்துவிட்டார். அதற்கப்பால் பதினோர் ஆண்டுகள் நான் அந்தக் கயிற்றைப் பிடித்தேன். முன்பு எனக்கு ஓர் அச்சம்தான்: இழுக்கத் தவறினால் சாகவிட்டுவிடுவேன். இப்போது அதன் பக்கத்தில் இன்னோர் அச்சமும் வந்து அமர்ந்தது: இழுத்தால் கொன்றுவிடுவேன். கயிறு அலையில் அசையும்; நீரோட்டத்தில் அசையும்; அவர் சற்றுத் திரும்பினாலும் அசையும். ஒவ்வோர் அசைவும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கும்.

அக்காளும் அந்த ஆண்டோடு மாறிவிட்டாள். திருமணத்துக்கு எங்கள் தாய் கொடுத்த பித்தளைக் குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். வீட்டில் எல்லாம் எவர்சில்வர். விளக்கு மண் அகல். உப்புக் காற்றுக்குப் பித்தளை நிற்காது, தேய்த்து மாளவில்லை என்றாள். நானும் நம்பினேன்.

இது நிற்க. அத்தான் பின்னர் கடல் வேலையை விட்டு, போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் சிறிது நிலம் எடுத்துப் பாக்கும் மிளகும் வைத்தார். நான் போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் கலாசியாக, அதாவது கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பை, கப்பலில் வரும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்து வளர்த்துக்கொண்டேன். சுனாமியில் கார் நிக்கோபாரின் கரையே உருமாறிப் போயிற்று. இந்தக் கயிறு மட்டும் என்னோடு வீடு மாறி வீடு மாறி வந்தது.

என் மகள் கடலுக்குள் போகும் தொழிலைத் தேர்ந்துகொண்ட புதிதில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். “பாருங்கப்பா, இதப் பார்க்கத்தான் எங்கெங்கயோ இருந்து வர்றாங்க.” அதே சுவர். அதே திசையில் அதே மெல்லிய சுற்று. ஆனால் இம்முறை நான் அதன் உள்ளே இருந்தேன். கேமரா மெல்ல மேலே திரும்பியது. வெள்ளிச் சுவரின் நடுவே ஒரு வட்டம் வெளிச்சம். அதில் ஒரு வாதாம் இலை அளவுக்குப் படகு. இத்தனை ஆண்டுகள் மேலிருந்து கீழே பார்த்தவன், அன்றுதான் கீழிருந்து மேலே பார்த்தேன். என்னை அவர் இவ்வாறுதான் பார்த்திருப்பார் என்ற எண்ணம் வந்தவுடன் உள்ளங்கை எரியத் தொடங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சிப்பிகாட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஓர் இடர் காத்திருந்தது. வயது ஏற ஏற அத்தானின் வலது காதும் மந்தமாகிவிட்டிருந்தது. அவரிடம் எதைச் சொன்னாலும் தோட்டத்துக்கு அப்பால் கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். அக்காளோ சமையற்கட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் காத்த ஒன்றைக் கூவி அறிவிப்பது எப்படி? ஆகையால் வாய் பேசாமல் கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

கண்ணும் அவருக்குச் சரியில்லை. விரல்களால் தடவினார். வளையத்தைச் சுற்றி வந்த கட்டைவிரல் அந்தக் கோடுகளில் நின்றது. பிறகு அறுபட்ட இழைகளுக்கு ஏறி, ஒவ்வொன்றாக எண்ணியது. செவி மந்தமானவர்களுக்கு உரிய உரத்த குரலில் அவர் பேசத் தொடங்கினார்.

“இத இன்னுமா வச்சிருக்க? கீழ இருந்து பார்த்துக்கிட்டுத்தானே மாப்பிள நின்னேன். ரெண்டு மூணு ஊழி வந்து வளையத்தக் கவ்வி உலுக்குச்சு. ஆஹா, மேல இருக்கவன் இப்ப இழுத்துருவானேன்னு நெனச்சேன். நெனச்சு முடிக்கல, இழுத்துட்ட.”

நான் பதற்றத்துடன் சமையற்கட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“வளையம் மினுங்குறத நானும் பார்த்தேன்ல. குங்குமம் வச்சிருக்காளேன்னு பேசாம எறங்குனேன். அது என் புத்தி. ஒனக்கு என்ன?”

அக்காள் தேநீர்த் தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றாள். “ரெண்டு பேரும் என்ன எனக்குத் தெரியாம கூட்டம் போடுறீக? அந்த வளையத்தப் புளி போட்டு விளக்குனது யாரு? நாந்தான. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இவுக மூஞ்சியப் பார்த்ததுமே பொய் சொல்றாகன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. வெங்கலம், பித்தள ஒண்ணு விடாம வீட்ட விட்டு அனுப்புனது உப்புக் காத்துக்காகன்னா நெனச்சீக?”

தேநீரை அக்காள் முதலில் என்னிடம் நீட்டினாள். நான் அவருடைய வலது காதருகே குனிந்து, இத்தனை காலம் உள்ளே கிடந்ததைக் கத்தியே கேட்டுவிட்டேன்: “உங்க இழுப்பு இல்லன்னு என் கைக்குத் தெரிஞ்சது அத்தான். தெரிஞ்சும் இழுத்தேன். காது போச்சே. அப்புறம் எதுக்கு மறுபடி என் கையிலேயே கயித்தக் குடுத்தீங்க?”

அவர் கயிற்றை என் மடியில் திருப்பி வைத்தார். “மீன் இழுத்துச்சா மனுசன் இழுத்தானான்னு மேல நின்னு யோசன பண்றவன் கூலிக்குக் கெடைப்பான், மாப்பிள. கயிறு ஆடுனதும் ஈரக்கொல நடுங்கி இழுக்கிறவன்தான் மச்சினன். காது ஒண்ணு போனா போகுது, இன்னொண்ணு இருக்குல்ல?”

“அதுவும்தான் கேக்க மாட்டேங்குதே!” என்றாள் அக்காள்.

“என்ன சொல்றா?” என்று அவர் என்னைக் கேட்டார்.

அதன்பின் இரண்டு மழைக்காலங்களே அவர் இருந்தார். படுக்கையில், அமைதியாக, அக்காள் அருகிலிருக்கப் போனார். அக்காள் இப்போது என்னுடன் இருக்கிறாள்.

மணி பன்னிரண்டு ஐந்து. எழுதுவதை நிறுத்திவிட்டுச் செல்பேசியைப் பார்க்கிறேன். ஒலிக்கவில்லை.

என் மகளுக்குக் கயிறு கிடையாது. காற்றை முதுகில் சுமந்துகொண்டு இறங்குகிறாள். கைக்கடிகாரம் போன்ற ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்கிறது. “மேல யாரும் பிடிக்க வேணாம்பா, டென்ஷன் மத் லோ, பதறாதீங்க” என்பாள். மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போ என்றால், அதைப் பார்த்தெல்லாம் அது கடிக்காது என்று வாதிடுகிறாள். இருந்தாலும் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் இம்முறை ஹேவ்லாக் போனாள். எங்களுக்குள் ஒரு கயிறு வேண்டுமே என்றுதான் நான் இந்த மிஸ்டு காலைக் கேட்டு வாங்கினேன். அங்கே பல நேரம் சிக்னல் இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு பத்து. படகு தாமதமாகலாம். பயணி ஒருவர் வாந்தி எடுத்திருக்கலாம். நங்கூரம் சிக்கியிருக்கலாம். இவையெல்லாம் என் கை அறிந்தவை.

பன்னிரண்டு பதினொன்று. அவள் வேலை செய்யும் முக்குளிப்புக் கடைக்குப் போன் செய்துவிட்டேன். எடுத்தவர், “அங்கிள், ஃபிர் சே ஆப்?” என்றார். மறுபடியும் நீங்களா என்கிறார். படகுக்காரரை விசாரித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் செல்பேசி ஒலித்தது, ஒருமுறையோடு அடங்கவில்லை. எடுத்தேன்.

“அப்பா! கடைக்குப் போன் பண்ணீங்களா? போட்ல இருக்க அத்தன பேரும் சிரிக்கிறாங்க. சிலிண்டர் எறக்கிட்டு இருந்தேன், பத்தே நிமிஷம் லேட். பஸ் கரோப்பா, போதும்!”

“கயிறு ஆடுச்சும்மா” என்றேன்.

“எந்தக் கயிறு?”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அக்காள் தலையைத் தூக்கினாள். “என்ன, இழுத்துட்டியா?”

“இழுத்துட்டேன்க்கா.”

“இழு, இழு. வைஞ்சா வைஞ்சுட்டுப் போறா” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இன்று கூட்டம் மிகப் பெரிதாம். அவள் நடுவில் நின்றபோது சுற்றிலும் கதவடைத்தது போல் இருந்ததாம். கேட்டுக்கொண்டே கயிற்றை மடியிலிருந்து எடுத்தேன். மிக இறுகப் பிடித்திருந்தேன் போலும். உள்ளங்கையில் அதன் முறுக்கு வரிவரியாகப் பதிந்திருந்தது. வளையத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். மினுங்கவில்லை. எழுந்து போய் ஆணியில் மாட்டினேன். நாளைக்கும் அவளுக்கு ஏழு இருபதுக்குப் படகு.